போர் முடிந்த பிறகு அந்தப் பெண்கள் எங்கே போனார்கள்? தாமிரபரணிக் கரையில் ஒரு பயணம்

"நெல்லைப் பக்கம் சோழர் கோயில் ஏதாவது இருக்கா? 'பொன்னியின் செல்வன்' வந்ததுக்கு அப்புறம் சோழர்னு தலைப்பு வச்சாலே மக்கள் படிக்கிறாங்க. ஒரு டிராவல் ஸ்டோரி பண்ணிட்டு வா."

டெஸ்க்கில் இப்படிச் சொன்னதும் சந்தோஷமாகத் தலையாட்டினேன். காரணம் சோழர்கள் இல்லை. என் ஆச்சி வீடு கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறது. வேலைக்கு வேலையும் ஆச்சு, ஆச்சி கையால் சாப்பாடும் ஆச்சு.

திருநெல்வேலி ஜங்ஷனில் செங்கோட்டை பாசஞ்சரில் ஏறினேன். பேட்டை தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஊர்கள் வர வர, பொதிகை மலை ஜன்னலுக்குப் பக்கத்தில் நெருங்கி வந்தது. அம்பையில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். "திருவாலீஸ்வரம் போகணும் அண்ணாச்சி" என்றதும், "அங்க கூட்டமே இருக்காதேம்மா, பாவநாசம் போறியளா?" என்று கேட்டார் ஆட்டோக்காரர். திருவாலீஸ்வரம்தான் என்று உறுதியாகச் சொன்ன பிறகே வண்டியைக் கிளப்பினார்.

படைவீரர்கள் காவல் காத்த கோயில்

அம்பாசமுத்திரத்திலிருந்து சில கிலோமீட்டரில் மன்னார்கோவில், பிரம்மதேசம், திருவாலீஸ்வரம் என்று மூன்று ஊர்கள். ஒரே காலைப்பொழுதில் மூன்றையும் பார்த்துவிடலாம். மன்னார்கோவிலில் இருப்பது ராஜேந்திர சோழன் பெயரைத் தாங்கிய விண்ணகரம். கட்டியவர் சேர மன்னர் ராஜசிம்மன். பாண்டிய நாட்டில், சோழன் பெயரில், சேரன் கட்டிய பெருமாள் கோயில் என்றால் அன்றைக்கு இங்கே யார் கை ஓங்கியிருந்தது என்பது உங்களுக்கே புரியும்.

சோழர்கள் பாண்டிய நாட்டைப் பிடித்ததும் முதலில் பெயரை மாற்றினார்கள். பாண்டிய நாடு 'ராஜராஜப் பாண்டிநாடு' ஆனது. இந்தப் பகுதிக்கு 'முடிகொண்ட சோழ வளநாடு' என்று பெயர். ராஜேந்திரன் தன் மகன்களில் ஒருவரை 'சோழ பாண்டியன்' என்ற பட்டத்தோடு மதுரையில் உட்கார வைத்தார். ஊர்களுக்கு இருந்த பெயர்கூட மிஞ்சவில்லை.

திருவாலீஸ்வரம் கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சுற்றிலும் அமைதி. நிமிர்ந்து பார்த்தால் விமானம் முழுக்கச் சிற்பங்கள். ஆடவல்லான், கங்காதரர் என்று ஒவ்வொன்றையும் ஜூம் செய்து படம் எடுத்து முடிக்கவே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

ஆனால், வரலாற்று மாணவர்கள் இந்தக் கோயிலுக்கு வருவது சிற்பங்களுக்காக மட்டும் இல்லை. இங்கே 'மூன்று கை மகாசேனை' என்ற சோழர் படையின் கல்வெட்டு இருக்கிறது. கோயிலையும் அதன் சொத்தையும் எங்கள் காவலில் எடுத்துக்கொள்கிறோம் என்று ஒரு படையே சொல்லும் கல்வெட்டு அது. அதற்கு முன்னால் தாங்கள் வென்ற இடங்களின் பட்டியலையும் அவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். மேற்குக் கடற்கரை விழிஞம், கடல் கடந்த மாதோட்டம் என்று நீளும் பட்டியல்.

கோயில் நிழலில் உட்கார்ந்து, போனில் அந்தப் படையைப் பற்றித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். 'வீர வரலாறு' என்று ஒரு சப்டைட்டில்கூட மனசுக்குள் ரெடி. அப்போதுதான் 'வேளம்' என்ற சொல் கண்ணில் பட்டது.

வேளம் என்றால் என்ன?

பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்கு இந்தச் சொல்லைச் சொல்லித் தந்ததில்லை. உங்களுக்கும் புதிதாக இருக்கலாம்.

சோழர் அரண்மனையைச் சேர்ந்த பணிப்பெண்கள் தங்கவைக்கப்பட்ட இடத்துக்கு வேளம் என்று பெயர். தஞ்சாவூரில் இப்படிப் பல வேளங்கள் இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. 'திருமஞ்சனத்தார் வேளம்' என்றால் அரச குடும்பத்தின் குளியல் வேலையைப் பார்த்தவர்கள். 'திருப்பரிகலத்தார் வேளம்' என்றால் சாப்பாட்டுப் பாத்திர வேலையைப் பார்த்தவர்கள். இந்தப் பெண்களைக் கல்வெட்டுகள் 'வேளத்துப் பெண்டாட்டி' என்கின்றன. இன்று மனைவியைக் குறிக்கும் இந்தச் சொல், அன்று பணிப்பெண்ணையும் குறித்தது.

இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? எல்லோரையும் பற்றி ஒரே மாதிரி சொல்லிவிட முடியாது. ஆனால், இவர்களில் பலர் போரில் பிடித்துவரப்பட்ட பெண்கள் என்கிறார் வேளம் பற்றி விரிவாக ஆராய்ந்த வரலாற்றாசிரியர் தாவூத் அலி.

அதற்கான சான்றை அரசர்களே கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மூன்றாம் குலோத்துங்க சோழன் பாண்டிய நாட்டின்மீது படையெடுத்து வீரபாண்டியனை வென்றார். அந்த வெற்றியைப் பாடும் மெய்க்கீர்த்தியில், பாண்டியனின் பெண்ணை வேளத்தில் ஏற்றியதும் ஒரு சாதனையாக வருகிறது. இலக்கியமும் இதையே சொல்கிறது. முதலாம் குலோத்துங்கன் காலத்தில் ஜெயங்கொண்டார் பாடிய 'கலிங்கத்துப்பரணி'யில் 'கடை திறப்பு' என்றொரு பகுதி உண்டு. கதவைத் திறக்கச் சொல்லி அழைக்கப்படும் பெண்களில், பாண்டியர்கள் தோற்று ஓடியபோது வேளத்துக்குக் கொண்டுவரப்பட்ட பெண்களும் இருக்கிறார்கள். பரீட்சைக்கு அந்தப் பகுதியின் பெயரை மனப்பாடம் செய்திருக்கிறேன். அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது யார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

தோற்ற தரப்பும் கல்லில் எழுதியிருக்கிறது. கர்நாடகத்தில் ஹொட்டூர் என்ற ஊரில் 1007-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. சாளுக்கிய மன்னன் சத்யாசிரயன் காலத்தது. சோழப்படை நாட்டைச் சூறையாடியது, பெண்களையும் குழந்தைகளையும் கொன்றது, பெண்களைக் கைப்பற்றியது என்று குற்றம் சாட்டுகிறது. எதிரி எழுதியது, கூட்டித்தான் சொல்லியிருப்பான் என்று நீங்கள் நினைக்கலாம். சோழர் தரப்பிலிருந்தே ஒன்றைப் பார்ப்போம். வீரராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, சாமுண்டராயன் என்ற சாளுக்கியத் தளபதியைக் கொன்றதோடு, நாகலை என்ற அவன் மகளின் மூக்கை அறுத்ததையும் பெருமையாகச் சொல்கிறது. மயில் போன்ற அழகி என்று வர்ணித்துவிட்டு, அடுத்து மூக்கை அறுத்த செய்தி.

இது சோழர்கள் மட்டும் செய்தது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உலகம் முழுக்க அரசர்கள் இப்படித்தான் கணக்கு வைத்திருந்தார்கள். இத்தனை யானை, இத்தனை குதிரை, இத்தனை பெண்கள். எதிரியின் வீட்டுப் பெண்ணைத் தூக்கிவிட்டால் எதிரியை முழுசாகத் தோற்கடித்த மாதிரி. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது என்பது அந்தக் கணக்கில் வராது.

வேளத்தில் இருந்த சில பெண்கள் கோயில்களுக்கு விளக்கெரிக்கத் தானம் கொடுத்ததாகக் கல்வெட்டுகள் இருக்கின்றன. இழுத்துவரப்பட்ட ஊரில், இரவல் வாழ்க்கையில், ஒரு விளக்கு அணையாமல் எரிய வேண்டும் என்று அவர்களில் ஒருத்தி எதை நினைத்து வேண்டியிருப்பாள்?

'பொன்னியின் செல்வ'னில் நந்தினி கற்பனைப் பாத்திரம்தான். ஆனால், வீரபாண்டியன் தலையைக் கொண்டதாக ஆதித்த கரிகாலன் பட்டம் சூட்டிக்கொண்டது நிஜம். அந்தத் தலை விழுந்த அன்றைக்குப் பாண்டிய நாட்டு வீடுகளில் எத்தனை நந்தினிகள் இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே அம்பைக்குத் திரும்பினேன்.

ஆச்சி வீட்டுச் சாமி

ஆற்றைக் கடந்தால் கல்லிடைக்குறிச்சி. அப்பளத்துக்குப் பேர்போன ஊர். மதியம் ஆச்சி கொண்டுவந்து வைத்த சோற்றில் சொதி ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே, காலையில் படித்ததைச் சொன்னேன்.

"இதுக்காட்டி அம்புட்டு தூரம் போன? நம்ம சாமியே அப்படி வந்தவதானே" என்றார் ஆச்சி.

எங்கள் குடும்பத்துக்குத் தீப்பாஞ்ச அம்மன்தான் குலசாமி. வயக்காட்டு ஓரத்தில் சின்னப் பீடம். கோபுரம் கிடையாது, கூரையும் கிடையாது. வருஷத்துக்கு ஒருதடவை கொடை. சின்ன வயதில் பொங்கலுக்காகவும் வில்லுப்பாட்டுக்காகவும் போவேன். கதையை ஒழுங்காகக் கேட்டதில்லை. இப்போது கேட்டேன்.

"எந்தக் காலமோ, எந்த ராசாவோ, யாருக்குத் தெரியும்? ஒரு படை ஊருக்குள்ள வந்துச்சாம். ஆம்பளைங்க எல்லாம் சிதறிட்டாங்க. வீட்டுல கன்னிப்பொண்ணு ஒருத்தி. படைக்காரன் கையில சிக்கக் கூடாதுன்னு வைக்கப்படப்புக்குத் தீய வச்சு உள்ள பாஞ்சிட்டாளாம். மறுநாள் பார்த்தா, கட்டியிருந்த சேலை மட்டும் கருகாம கிடந்துச்சாம். அன்னையிலேருந்து அவ நமக்கு சாமி."

தென்மாவட்டங்களில் இப்படிப்பட்ட அம்மன்கள் நிறைய. தீப்பாய்ந்தவள், சீலைக்காரி, மாலையம்மன் என்று ஊருக்கு ஒரு பெயர். உங்கள் குலசாமிக் கதையையும் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். அதில் ஒரு பெண்ணின் சாவு இருக்க வாய்ப்பு அதிகம்.

வள்ளியூர்ப் பக்கம் வில்லுப்பாட்டில் பாடப்படும் 'ஐவர் ராசாக்கள் கதை'யும் இந்த ரகம்தான். நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை அதைப் பதிப்பித்திருக்கிறார். கன்னடிய மன்னனின் மகள், குலசேகர பாண்டியன்மீது ஆசைப்படுகிறாள். சம்பந்தம் பேசப் போய் மறுக்கப்பட, அது போராகிறது. பிடிபட்ட குலசேகரன் உயிரை விடுகிறான். இறந்தவனுக்கு மாலையிட்டு அந்தப் பெண்ணும் தீயில் இறங்குகிறாள்.

கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன் 1976-ல் எழுதிய 'கோபல்ல கிராம'த்தில், தங்கள் வீட்டுப் பெண்ணை ராஜா கேட்டுவிட்டான் என்பதற்காக ஒரு கூட்டமே ஊரைக் காலிசெய்து தெற்கே ஓடிவருகிறது. கரிசல் காட்டில் பல குடும்பங்கள் தங்கள் பூர்வீகமாகச் சொல்லும் கதை அது. அதில் வரும் ராஜா துலுக்க ராஜா. திருமஞ்சனத்தார் வேளம் வைத்திருந்தவர்களோ சிவபக்தர்கள். அதனால் இதில் மதத்தைத் தேடிப் போக வேண்டாம். ஆயுதம் யார் கையில் இருந்தது என்று மட்டும் பார்த்தால் போதும்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது ஆச்சியிடம் கேட்டேன். "ஒருவேளை அந்தப் பொண்ணு தீயில பாயலைன்னா? படைக்காரன் தூக்கிட்டுப் போய், அப்புறம் அவ உயிரோட திரும்பி வந்திருந்தா?"

ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார், "அப்போ நமக்குச் சாமி ஏது?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலையிலிருந்து பார்த்ததெல்லாம் அந்த ஒரு கேள்வியில் வந்து நின்றது. இழுத்துச் செல்லப்பட்டவளுக்கு ராஜாவின் கல்வெட்டில் ஒரு வரி. செத்துப்போனவளுக்கு வயக்காட்டில் ஒரு பீடம். உயிரோடு திரும்பி வந்தவளுக்கு என்ன இருக்கிறது?

தையல் கடை அக்கா

"அதைப் போட்டு யோசிக்காத. தையக்கடையில என் சட்டை கிடக்கு, போய் வாங்கிட்டு வா" என்று ஆச்சி அனுப்பிவைத்தார். "அந்தப் பிள்ளை சிலோன்கார பிள்ளை. நல்லா தைக்கும்."

நெல்லை மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் பல வருஷங்களாக இருக்கின்றன. 1983 கலவரத்துக்குப் பிறகு அலை அலையாக வந்தவர்கள், அவர்களுக்கு இங்கேயே பிறந்த பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 2021-ல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. அந்த அக்காவும் அப்படி ஒரு முகாமிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து கடை நடத்துகிறவர். எந்த முகாம், எந்த ஊர்க் கடை என்று எழுத மாட்டேன். அது அவர் போட்ட நிபந்தனை.

சட்டைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். என்ன வேலை என்று கேட்டார். பத்திரிகை என்றேன். இந்தப் பயணத்தில் என்ன எழுதப்போகிறேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். மெஷின் நின்றது.

1990-ல் படகில் மண்டபம் வந்து இறங்கியபோது அவருக்குப் பதினைந்து வயது.

"வெளிக்கிடுறதுக்கு முதல் நாள் அம்மா எனக்குத் தலைமயிரைக் கட்டையா வெட்டி விட்டவ. அண்ணான்ர சேர்ட்டைப் போட்டு விட்டவ. ஏன் எண்டு நான் கேக்கேல்ல. அவவும் சொல்லேல்ல."

நான் நோட்டை எடுக்கவா என்று பார்த்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"என்ர கதை இவ்வளவுதான், தங்கச்சி. இதுக்கு மேல கேக்காதேங்கோ."

பையில் நோட்டை வைத்துவிட்டேன். இதழியல் டிப்ளமோவில் ஆரம்பத்திலேயே சொல்லித்தந்த பாடம், பாலியல் வன்முறையால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால், பெயரை மறைத்துவிட்டால் போதும், கதையைக் கேட்டு வாங்கிவிடலாம் என்று நினைப்பதும் ஒரு தப்புதான் என்று அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது புரிந்தது. சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் அவருடைய உரிமை.

கொக்கி வைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டு அவராகவே பேசினார்.

"எங்கட ஊரில ஒரு அக்கா இருந்தவ. ஆமி பிடிச்சுக்கொண்டு போய், பிறகு விட்டவங்கள். திரும்பி வந்தவ. வந்த பிறகு அவ நிண்டால் அந்தக் கிணத்தில ஒருத்தரும் தண்ணி அள்ள மாட்டினம். அவ போகுமட்டும் தள்ளி நிப்பினம். என்ர அம்மாவும்தான். ஆமி செய்தது ஒரு நாள். நாங்கள் செய்தது எத்தினை வருஷம்!"

"எந்த ஆமி அக்கா?" என்று கேட்டேன்.

"எந்த ஆமி எண்டால் என்ன, பிள்ளை?"

அவர் அப்படிச் சொல்லலாம். செய்தி எழுதுகிற நான் அப்படி விட்டுவிட முடியாது. 1987-ல் அமைதி காக்கப்போன இந்தியப் படையினர்மீதும் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுகள் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறையில் பணியாற்றிய ராஜனி திராணகம, தன் சகாக்களுடன் எழுதிய 'முறிந்த பனை' நூலில் பெண்களின் வாக்குமூலங்களோடு அவை பதிவாகியிருக்கின்றன. எல்லாத் தரப்பின் தவறுகளையும் எழுதிய அவர், 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார்.

1996 செப்டம்பரில் யாழ்ப்பாணத்தில் பரீட்சை எழுதிவிட்டு சைக்கிளில் வீடு திரும்பிய பள்ளி மாணவி ஒருவரை, செம்மணியில் இலங்கை ராணுவச் சோதனைச்சாவடியில் நிறுத்தினார்கள். அந்த மாணவி வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். தேடிப்போன அம்மா, தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் மூவரும் கொல்லப்பட்டார்கள். 1998-ல் கொழும்பு நீதிமன்றம் ராணுவத்தினருக்கு மரண தண்டனை விதித்தது. தண்டனை பெற்றவர்களில் ஒருவர் சொன்ன தகவலில்தான் செம்மணிப் புதைகுழிகள் பற்றி வெளியுலகத்துக்குத் தெரியவந்தது. இத்தனை வருஷப் போரில் இப்படித் தீர்ப்பு வரை போன வழக்குகள் மிகக் குறைவு.

'கௌரவம்' என்ற சிக்கல்

சட்டம்கூட ரொம்ப நாள் ஆச்சியின் கதை மாதிரிதான் யோசித்தது. 1949 ஜெனீவா ஒப்பந்தம், போர்க்காலத்தில் பெண்களைப் பாலியல் வன்முறையிலிருந்து காக்க வேண்டும் என்கிறது. ஆனால், அதைப் பெண்ணின் 'கௌரவத்தின்' மீதான தாக்குதல் என்றே சொன்னது. அடித்தால் காயம், கொன்றால் கொலை, இது மட்டும் கௌரவம்! கௌரவம் என்று வைத்துவிட்டால் செய்தவன் தப்பிவிடுவான். இழந்ததாகச் சொல்லப்படுகிறவள்தான் தலைகுனிந்து நிற்க வேண்டும்.

1998-ல்தான் பெரிய மாற்றம் வந்தது. ருவாண்டா வழக்குகளை விசாரித்த சர்வதேசத் தீர்ப்பாயம், பாலியல் வன்முறையும் இன அழிப்பின் ஒரு வழியாகலாம் என்று அகாயேசு என்ற ஊர்த்தலைவரின் வழக்கில் தீர்ப்பு சொன்னது. அதே ஆண்டு ரோம் உடன்படிக்கை இதைப் போர்க்குற்றம் என்றும் மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்றும் பட்டியலிட்டது.

சட்டம் மாறிவிட்டால் ஊர் மாறிவிடுமா? 1971 போருக்குப் பிறகு வங்கதேசத்தில் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு அரசே ஒரு மரியாதைப் பெயர் வைத்தது. 'பீராங்கனா'. நம் வீராங்கனைதான். நல்ல பெயர். ஆனால், அந்தப் பெயரால் அழைக்கப்பட்ட பெண்களை ஊர் அடையாளம் வைத்து ஒதுக்கியது. விடுதலைப் போராளிகள் என்ற அங்கீகாரம் அவர்களுக்குக் கிடைக்க நாற்பது வருஷங்களுக்கு மேல் ஆனது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் அடிமைப்படுத்திய கொரியப் பெண்களில் ஒருவரான கிம் ஹாக்-சுன், 1991-ல் முதன்முறையாகத் தன் முகத்தையும் பெயரையும் காட்டிப் பேசினார். போர் முடிந்து 46 ஆண்டுகள் கழித்து. அவர் பேசிய பிறகுதான் மற்ற பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

46 வருஷம் அவர் ஏன் பேசவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. கிணற்றடியில் தள்ளி நின்றவர்களை நினைத்துக்கொண்டால் அந்தக் கேள்வி வராது.

திரும்பி வந்தவளுக்கு ஒரு குடம் தண்ணீர்

சட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது விளக்கேற்றும் நேரம். ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து சட்டையைப் பிரித்து, கொக்கியெல்லாம் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். தையல் கடை அக்கா சொன்ன கிணற்றடிக் கதையைச் சொன்னேன். அதைப் பெயரில்லாமல் சொல்லிக்கொள் என்று அவர் அனுமதி கொடுத்திருந்தார்.

"நாம மட்டும் என்ன செஞ்சிருப்போம்? அதைத்தான் செஞ்சிருப்போம்" என்றார் ஆச்சி.

"இப்பவுமா ஆச்சி?"

சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். தெருவில் யாரோ ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"அந்தப் பிள்ளை தைச்ச சட்டையைத்தானே வருசக்கணக்கா போட்டுக்கிட்டு இருக்கேன். அது என்ன பட்டுதோ, என்ன படலையோ, நான் கேட்டதில்ல. கேக்கவும் மாட்டேன். ஆனா, அந்தக் கிணத்தடியில நான் நின்னிருந்தா, குடத்தை நான் தூக்கிக் குடுத்திருக்கணும் ஏட்டி. அதுக்குச் சாமியாகணும்னு இல்லையே."

மறுநாள் காலை ஆச்சியோடு தாமிரபரணிக்குக் குளிக்கப் போனேன். படித்துறையில் நாலைந்து பெண்கள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும் உடம்பு சிலிர்த்தது. சோழன் படை இறங்கிக் கடந்த ஆறு. பாண்டியன் வீட்டுப் பெண்களைக் கூட்டிப்போனவர்களும் இப்படி எத்தனையோ துறைகளைக் கடந்துதான் போயிருப்பார்கள். எதிரே ஒரு அம்மா நழுவிய சோப்பைத் தேடிக்கொண்டிருந்தார். ஆச்சி குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

டெஸ்க்கில் கேட்ட டிராவல் ஸ்டோரி இதுதான். நீங்களும் போய்ப் பாருங்கள். திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு ரயிலும் பஸ்ஸும் உண்டு. அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் மன்னார்கோவில், பிரம்மதேசம், திருவாலீஸ்வரம் மூன்றையும் மதியத்துக்குள் பார்த்துவிடலாம். கோயில் நடை சாத்துவதற்கு முன்னால் போய்விடுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். விமானத்துச் சிற்பங்களைக் காட்டுங்கள். கல்வெட்டைக் காட்டி, சோழப்படை கடல் கடந்து வென்ற கதையையும் சொல்லுங்கள். அது உண்மை, அதைச் சொல்வதில் தப்பில்லை.

சொல்லி முடித்ததும் பிள்ளைகள் கேட்பார்கள், "தோத்தவங்க வீட்டுல இருந்தவங்க எல்லாம் என்ன ஆனாங்க?" என்று. வயதுக்குத் தகுந்த மாதிரி அதற்கும் பதில் சொல்லுங்கள். வேளம் என்ற சொல்லைச் சொல்லுங்கள். தப்பு செய்தது யார் என்பதையும், திரும்பி வந்தவளுக்குத் தலைகுனிய எதுவும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.